குழாயடியில் ஒரு நாற்காலி

மேட்டுத்தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் கேட்டு மனுவோடு வந்த சமூகவியல் மாணவி ஜெசிந்தாவை நகராட்சி ஆணையர் அரங்கநாதன் உட்காரச் சொல்லவில்லை.

"மூணு தடவை ஸ்கூல்ல கூட்டம் போட்டோம். ஒரு பொம்பளைகூட வரலை. அக்கறை இல்லாத ஜனங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு அம்பது பேரைக் கூட்டிட்டு வாம்மா. இல்லைன்னா இந்த வேலையைப் பட்டியல்லேர்ந்தே எடுத்துடுவேன்."

இரண்டு மாதம் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் ஜெசிந்தா. "கூட்டிட்டு வரேன் சார். உங்க நாற்காலியை எங்கே போடணும்கிறதை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க."

"எங்க வேணாலும் போடு," என்று சிரித்தார் ஆணையர்.

வியாழனன்று நாற்காலி பொதுக்குழாயடியில் கிடந்தது. வாரந்தோறும் அந்தத் தெருவுக்கு நகராட்சி தண்ணீர் திறந்துவிடுவது வியாழன் நான்கு மணிக்குத்தான். முந்தைய மூன்று கூட்டங்களும் அதே கிழமை, அதே நேரம். இப்போது அறுபத்துமூன்று பெண்கள் குடங்களோடு ஆணையரைச் சூழ்ந்து நின்றார்கள்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க சார், குடம் வைக்கணும்," என்றாள் முன்னால் நின்ற பேச்சியம்மாள்.

தூக்கினார். குடங்களில் வழிந்த தண்ணீர் நாற்காலியைச் சுற்றிக் குளமாகத் தேங்கியது.

"இந்தத் தண்ணி எங்கேம்மா போகும்?"

"எங்கேயும் போகாது சார். அதுக்குத்தான் மனு," என்றாள் ஜெசிந்தா.

ஆணையர் மனுவை முழங்காலில் வைத்தே அனுமதி எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றச் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "காலை எப்போ இறக்கலாம்?" என்று கேட்டார்.

"கால்வாய் வெட்டினதும் சார்," என்றாள் பேச்சியம்மாள்.