கிலோவைத் துரத்திய விமானம்

குரு என்றால் வெள்ளைத் தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று யார் எழுதி வைத்தது? கள்ளிமேட்டு விமானப் பயிற்சிப் பள்ளியில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் பெனிட்டா. விமானங்களின் ரேடியோ, திரை, கம்பி எல்லாம் அவர் பொறுப்பு. சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு. போலீஸ் வயர்லெஸ்ஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே, "எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுங்க மேடம்" என்று வந்து நின்ற மனுஷர்.

வேலையில் அவர் சூரர். பொறுமைதான் கொஞ்சம் குறைச்சல்.

விமானக் கொட்டகையில் ஒரு நீள நோட்டு தொங்கும். பறந்து வந்தவர்கள் விமானத்தில் கண்ட குறையை அதில் எழுதுவார்கள். அதைப் படித்ததும் பெனிட்டா செய்கிற முதல் காரியம், குறைக்குக் கீழே 'நன்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது அதற்கப்புறம்தான்.

தணிகாசலத்துக்கு இது பிடிபடவே இல்லை.

"குறை சொல்றவங்களுக்கு எதுக்கு மேடம் நன்றி? அதுவும், நிஜமாவே குறை இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே?"

"அந்தக் கம்பியைப் பிடிங்க அண்ணே" என்றார் பெனிட்டா. அவ்வளவுதான் பதில்.

ஜனவரி மாதம். காலையில் மெல்லிய பனிமூட்டம் பத்து மணி வரை கலையாது. தனியாகப் பறக்கப் பழகிக்கொண்டிருந்த ஜுலைகா என்ற பெண் இறங்கி வந்தாள். பேயறைந்த மாதிரி இருந்தாள்.

"என் தலைக்கு மேலேயே ஒரு விமானம் வருதுன்னு திரை காட்டுது. திரும்பினா அதுவும் திரும்புது, இறங்கினா அதுவும் இறங்குது. வெளியே எட்டிப் பார்த்தா ஒண்ணுமில்லை."

அன்று அவள் ஓட்டியது கிலோ. அங்கே விமானங்களை வாலில் இருக்கும் கடைசி எழுத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். 'கே' என்றால் ரேடியோப் பேச்சில் கிலோ, அதன் ஜோடியான 'டி' டாங்கோ. டாங்கோ இரண்டு மாதமாகப் பழுதுபார்ப்பில் மூலையில் நின்றது. கிலோவில் பக்கத்து விமானங்களைக் காட்டும் திரையை அந்த வாரம்தான் வைத்திருந்தார்கள்.

இல்லாத விமானத்துக்குப் பயந்து ஜுலைகா இரண்டு முறை பாதையை விட்டு விலகிவிட்டாள். தலைமைப் பயிற்சியாளரான கேப்டன் சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி விலகினா தனியாப் பறக்கிறது நிறுத்தம். பயந்தவங்களுக்கு இது சரிப்படாது."

அவள் நோட்டில் எழுதினாள். பெனிட்டா படித்தார். கீழே 'நன்றி' எழுதினார். நாகர்கோவிலில் அக்கா வீட்டுக் கல்யாணம் என்று அவர் அன்றைக்கே கிளம்ப வேண்டியிருந்தது.

"யார் பேசறாங்கன்னு முதல்ல கேளுங்க அண்ணே. நான் வந்ததும் சேர்ந்து பார்ப்போம்" என்றார்.

யார் பேசுவது என்றால் இதுதான். ஒவ்வொரு விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு பெட்டி. 'நான் இன்னார், இத்தனை அடி உயரத்தில் வருகிறேன்' என்று விடாமல் கூவிக்கொண்டிருக்கும். இன்னார் என்பதற்கு, எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு எழுத்தில் ஓர் அடையாள எண். மற்ற விமானத்தின் திரை அதைக் கேட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். தன் சொந்த எண்ணைக் கேட்டால் மட்டும், 'நாமதானே' என்று விட்டுவிடும்.

தணிகாசலம் இரண்டு நாள் வெயிலில் கிலோவுக்குள் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அந்தப் பொய்ப் புள்ளியின் ஆறு எழுத்தைப் பிடித்துவிட்டார். அது கிலோவின் எண் இல்லை. திரையின் அமைப்பில் 'சொந்த விமானம்' என்று இரண்டு எண் வரை கொடுக்கலாம். இரண்டாவது இடம் காலியாக இருந்தது. அந்த ஆறு எழுத்தை அதில் போட்டார். புள்ளி மறைந்தது.

யாருடைய எண் அது என்று சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை ஜுலைகா பறந்துவிட்டு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"காணோம் அங்கிள். ஒண்ணுமே வரலை. கேப்டன் நல்லாப் பறந்தேன்னு சொன்னார்."

சாயங்காலம் அவள் அம்மா ரவையில் செய்த தம்ரூட் இனிப்பு ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். தணிகாசலம் அங்கேயே நின்று இரண்டு துண்டு தின்றார். நெய் மணக்க மணக்க, தானும் ஒரு ஆள்தான் என்று தோன்றியது. நோட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் அந்த ஆறு எழுத்தையும் அழகாகக் குறித்து வைத்தார்.

ஞாயிறு காலை பெனிட்டா வந்தார். நோட்டைப் படித்தார். அந்த ஆறு எழுத்தில் விரலை வைத்தபடி சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"டாங்கோவை வெளியே தள்ளலாம், வாங்க அண்ணே."

"அது நாளைக்குத்தானே பறக்கப் போகுது?"

"ஆமா. வாங்க."

இருவருமாகத் தள்ளினார்கள். கிலோவுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி டாங்கோவை நிறுத்தினார்கள். போன வாரம்தான் டாங்கோவுக்குப் புது டிரான்ஸ்பாண்டர் வைத்திருந்தார்கள். பெனிட்டா அதை இயக்கிவிட்டு வந்து தணிகாசலத்தைக் கிலோவில் உட்காரச் சொன்னார்.

"திரையில என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை மேடம். சுத்தமா இருக்கு."

"கண்ணாடி வழியாப் பாருங்க."

அவர் நிமிர்ந்தார். டாங்கோவின் மூக்கு அவர் முகத்துக்கு நேரே நின்றது. மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி டாங்கோவைப் பார்த்தார்.

நோட்டில் தான் குறித்த ஆறு எழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

"அது டாங்கோவோட எண்ணா?"

"டாங்கோவோட பழைய பெட்டிதான் ரெண்டு மாசமாக் கிலோவுல இருக்கு. எண்ணை மாத்தலை. கிலோ டாங்கோ பேரைச் சொல்லிக் கூவிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு."

"அப்போ அந்தப் பொண்ணைத் துரத்தினது?"

"அவ உட்கார்ந்திருந்த விமானம்தான்."

தணிகாசலம் இறங்கவில்லை. நாளைக் காலை கிலோவில் ஜுலைகா. ஓடுபாதையைச் சுற்றிவரும் அதே வட்டத்தில் டாங்கோவில் இன்னொரு மாணவன். பனிமூட்டம். அவர் கையாலேயே டாங்கோவை அவள் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தார், அதற்குத் தம்ரூட்டும் தின்றிருந்தார்.

"வேலையைப் பார்ப்போம் அண்ணே" என்றார் பெனிட்டா.

பார்த்தார்கள். கிலோவில் இருந்த பெட்டிக்குக் கிலோவின் எண்ணையே ஏற்றினார்கள். திரையில் தணிகாசலம் போட்ட இரண்டாவது எண்ணை அவரே அழித்தார். உடனே எதிரே ஒரு புள்ளி முளைத்தது. டாங்கோ. ஒரு மிளகளவு புள்ளி. அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டப்பாவில் நான்கு துண்டு மிச்சம் இருந்தது. எடுத்துக்கொண்டு நேரே ஜுலைகாவிடம் போனார்.

"இது எனக்குச் சேர வேண்டியது இல்லைம்மா. நான் சரி பண்ணலை, மறைச்சுத்தான் வச்சேன்." நடந்தது மொத்தத்தையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

ஜுலைகா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் ஒருமுறை வெளிறித் தெளிந்தது.

"இதை வந்து சொல்லணும்னு உங்களுக்கு என்ன அங்கிள்? சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"நாளைக்கு நீ டாங்கோவைத் திரையிலயும் தேடணும், வெளியிலயும் தேடணும். அதுக்காகத்தான்."

"கேப்டன் சிரிச்சப்போ, நான் சொன்னதை நிஜம்னு எடுத்துக்கிட்டது நீங்களும் மேடமும்தான். அதுக்குத்தான் அம்மா கொடுத்தாங்க." டப்பாவை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். "அதை நீங்க மறைக்கலையே."

திங்கட்கிழமை இரண்டும் பறந்தன. தணிகாசலம் ஓடுபாதை ஓரத்தில் பனிக்குள் அண்ணாந்து நின்றார். சத்தம் கேட்டது, ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார். அரை மணி கழித்துக் கிலோ இறங்கியது.

ஜுலைகா கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை: "இடது பக்கம் டாங்கோ. முதல்ல திரையில பார்த்தேன், அப்புறம் கண்ணாலயே பார்த்துட்டேன். ஒதுங்கி வழி விட்டேன்."

நன்றியம்மா என்று சொல்ல நினைத்தார். கும்பிட்டார்.

அன்று மத்தியானம் தன் பழைய வரியை அடித்து எழுத நோட்டை எடுத்தார். காற்றில் பக்கங்கள் புரண்டன. இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கம் கண்ணில் பட்டது. 'டாங்கோவின் டிரான்ஸ்பாண்டர் கிலோவுக்கு மாற்றப்பட்டது.' எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே கையெழுத்து, பெனிட்டா.

அவர் நோட்டை மூடப் பார்த்தார். பெனிட்டா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"பார்த்துட்டீங்க இல்ல? எண்ணை மாத்த மறந்தது நான்தான் அண்ணே. நேத்தே கேப்டன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்."

"அந்தப் பொண்ணு குறை எழுதினப்போ, தப்பு உங்களோடதுன்னு தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"தெரியாமலேதான் நன்றி எழுதினீங்களா?"

பெனிட்டா பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"தெரிஞ்சதுக்கப்புறம் எழுத எனக்குக் கை வராது அண்ணே. அதான் முன்னாடியே எழுதிடறேன்."