கல்லை விடாத மீன்

"காப்பாத்திப்போட்டன் அம்மா!" என்று கத்திக்கொண்டே குகதாசன் மடத்துக்குள் நுழைந்தார். இடுப்பு வரை ஈரம்.

நோர்வேயின் வடகோடியில், கடலோரத்தில் இருக்கிற சின்ன மடம். குரு தவமலர், சீடரைவிட வயதில் இளையவர். மனைவி, மகள் எல்லாரையும் விட்டுவிட்டுக் காவி கேட்டு வந்தவர் குகதாசன். கேட்டுக் கேட்டே குருவின் உயிரை எடுத்தார். மகள் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார். அது மாயையாம்.

"ஆரைக் காப்பாத்தினீங்கள்?"

"மீனை. கடல் வத்தினதில கல்லிடுக்கில மாட்டிக் கிடந்தது. பந்து மாதிரி உருண்டை. செதில் இல்லை, மேலெல்லாம் முண்டு முண்டா. செங்கல் நிறம். வயித்தில வட்டமா ஒரு உறிஞ்சி, அதால கல்லைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டுது. ரெண்டு கையாலயும் பிடுங்கி ஆழத்தில எறிஞ்சன்."

தவமலர் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் என்ன சொல்லி அனுப்பினனான்?"

"மீனைப் பார்த்துக்கொண்டு நிக்கச் சொன்னீங்கள்."

"நிண்டீங்களோ?"

"பாவம் அம்மா, தண்ணியில்லாமல்..."

"பக்கத்தில என்ன இருந்தது?"

"ஏதோ ரோஸ் நிறக் கட்டி. பஞ்சு மாதிரி. அதை ஆர் பார்த்தது!"

"முட்டை, அண்ணை! தாய் இட்டுட்டுப் போயிடும். பொரிக்குமட்டும் தகப்பன்தான் காவல். தின்னாது. இந்தக் குளிருக்குள்ள, தண்ணி வத்தினாலும் அசையாது. அதைப் போய்ப் பிடுங்கி எறிஞ்சிட்டு, காப்பாத்தினாராம்!"

குகதாசன் திரும்பிக் கடற்கரைக்கு ஓடினார்.

கல்லிடுக்கில் கடற்காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. கையை வீசி, தொண்டை கிழியக் கத்தி விரட்டினார். பாதிக் கட்டிதான் மிச்சம். அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். திரும்ப ஏறத் தொடங்கிய கடலின் பனித்தண்ணீர் முழங்காலை அறுத்தது.

தவமலர் பின்னாலேயே கரைக்கு வந்தார்.

"அது திரும்பி வருமோ அம்மா?"

"தெரியாது."

"வராட்டி?"

தவமலர் கையிலிருந்த காவித் துணியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தாங்கோ. இதுக்குத்தானே என்னை இவ்வளவு நாளும் அரிச்செடுத்தீங்கள்? கரைக்கு வந்து வாங்குங்கோ."

ஒரு கடற்காகம் தாழப் பறந்தது. குகதாசன் அதைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணை, கால் விறைச்சுப்போகும். சொன்னால் ஒருக்காலாவது கேளுங்கோ. வந்து வாங்குங்கோ!"

குகதாசன் வரவில்லை.