பெரியப்பா ஆமைக்கு ஒரு வாழ்த்து

காட்டுக்குள் ஒரு குளம். அதில் கெட்டியப்பர் என்ற ஆமை இருந்தார். விடிந்தால் அவருக்கு நூறு வயது நிறைகிறது. அவருடைய தம்பி மகன் மெதுவனும் அதே குளத்தில்தான் இருந்தான். அவனுக்கு வயது அறுபது. ஆமைகளில் அது இளவட்டம். பெரியப்பாவை விட்டால் அவனுக்குச் சொந்தம் என்று வேறு யாரும் இல்லை.

கெட்டியப்பர் நல்லவர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார். ஒருமுறை ஒரு கொக்கு, "இங்கேயே இருங்க, இதோ வந்துடறேன்!" என்று சொல்லிவிட்டு வேடந்தாங்கல் போய்விட்டது. அது திரும்பும்வரை மழைக்காலம் முழுக்க அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். திரும்பி வந்த கொக்கு அவரைக் கவனிக்கவும் இல்லை.

பெரியப்பாவுக்கு நல்லதாக ஒரு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று மெதுவனுக்கு ஆசை. ஆனால் "சாப்பிட்டீங்களா?" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச வராது. அதனால் கிளியிடம் போனான்.

அந்தக் கிளியின் பெயர் சொல்லழகி. முன்பு ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கூண்டில் இருந்தது. வாழ்த்தெல்லாம் அதற்கு மனப்பாடம்.

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!" என்றது கிளி.

"அது கல்யாணத்துக்குச் சொல்றதாச்சே! பெரியப்பா கல்யாணமே பண்ணிக்கலை."

"அப்போ, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்!"

"எனக்கு அறுபது ஆயிடுச்சே. இன்னும் எத்தனை வயசு ஆகணும்?"

கிளிக்கு வயது மூன்று.

"சரி, இருக்கறதுலேயே பெரிய வாழ்த்தாத் தர்றேன். இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. நூறாண்டு வாழ்க!"

மெதுவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். கணக்குப் பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை குளக்கரையில் எல்லாரும் கூடினார்கள். மெதுவன் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பெரியப்பா! நூறாண்டு வாழ்க!"

தவளைகள் ஆரவாரம் செய்தன. கெட்டியப்பர் கணக்குப் பார்த்தார்.

"நூறு இன்னிக்கோட முடியுதேப்பா" என்றார்.

தவளைகள் வாயை மூடிக்கொண்டன.

"பரவாயில்லை. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் வெயில் காயற கல்லை நீ வச்சுக்கோ. நான் போறேன்."

அந்தக் குளத்தில் யாரும் வெறுமனே "போறேன்" என்று சொல்வதில்லை. பக்கத்துப் புதருக்குப் போனால்கூட "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். கெட்டியப்பர் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

மெதுவனுக்கு அழுகை வந்துவிட்டது. "சீக்கிரம் வேற வாழ்த்துச் சொல்லு!" என்று கிளியைக் கெஞ்சினான்.

"தீர்க்க சுமங்கலி பவ!" என்றது கிளி. அதனிடம் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

மெதுவன் பெரியப்பாவின் ஓட்டருகே போய்க் குனிந்தான்.

"பெரியப்பா, அந்தக் கல்லு மேல எனக்கு ஏறத் தெரியாது. நீங்கதானே பின்னாலேருந்து முட்டித் தள்ளுவீங்க? நாளைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

ஓடு அசையவில்லை.

"நாளன்னிக்கும்?"

மூக்கு மட்டும் வெளியே வந்தது. "தனியா ஏற உனக்கு எவ்வளவு நாளாகும்?"

"எனக்கு எப்பவுமே ஏற வராது, பெரியப்பா!"

கெட்டியப்பரின் தலை முழுவதும் வெளியே வந்தது.

"எப்பவுமேவா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! இப்படி ஒரு வேலையை வச்சுக்கிட்டு நான் எங்கே போறது?" என்று அதட்டினார். பிறகு கால்களை ஒவ்வொன்றாக நீட்டினார். "பசிக்குது. பாசி தின்னுட்டு வர்றேன். கல்லுக்கிட்டயே இரு."

"வர்றேன்" என்ற சொல் காதில் விழுந்ததும் மெதுவன் மறுபடி அழுதான். இந்த முறை சந்தோஷத்தில்.

வாழ்த்து எவ்வளவு பெரியது என்று பார்க்கும் முன், அதை யாருக்குச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும்.