முதலாளி எழுதாத புத்தகம்

நெல் மில் முதலாளி தெய்வசிகாமணி தன் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். ஒரு வரிகூட எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஆளுயர மாலை தயாராக இருக்கும். வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நல்ல சாக்குக் கிடைத்ததென்று அவருக்கு வயிறு குளிர்ந்தது.

மில்லில் மூட்டை எடை போடும் பேச்சியப்பனுக்குக் கம்ப்யூட்டரைச் சரிசெய்யவும் தெரியும். இருந்த ஃபைல்களையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்தான். விண்டோஸைப் புதிதாக ஏற்றி, எல்லாவற்றையும் பழைய இடத்தில் போட்டான். முதலாளியின் பேரன் காதுகுத்துப் படம்கூடத் தொலையவில்லை.

மறுநாள் பந்தலில் முதலாளி மைக்கைப் பிடித்தார். "இந்தப் பய என் புத்தகத்தை அழிச்சுட்டான். பந்தி முடியறதுக்குள்ள மீட்டுக் குடுக்கலேன்னா இவனுக்கு மில்லுல வேலை இல்லை."

பேச்சியப்பன் ஆபீசுக்குள் போனான். பாயசம் பரிமாறும்போது தாள்களோடு வந்து மைக்கை வாங்கினான்.

"கிடைச்சிருச்சு முதலாளி. வாசிக்கிறேன். 'முதல் அத்தியாயம். எனக்குப் பல்லி என்றால் பயம். பார்த்தால் மேஜைமேல் ஏறி நின்று பேச்சியப்பனைக் கூப்பிடுவேன்.'"

பந்தலே சிரித்தது.

"டேய், நான் இப்படி எழுதவே இல்லடா."

"அப்ப எப்படி எழுதினீங்க? ஒரு வரி சொல்லுங்க, அதை வச்சுத் தேடிப் பார்க்கிறேன்."

முதலாளி பந்தலைச் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் சம்பந்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நான் எழுதினதுதான்" என்றார் முதலாளி.

அவர் கழுத்தில் ஆளுயர மாலை விழுந்தது. "மேல வாசிப்பா" என்றார் சம்பந்தி.

பேச்சியப்பன் தொண்டையைச் செருமினான். "'இரண்டாம் அத்தியாயம். என் தலைமுடி.'"

முதலாளியின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின.