திரையன் மடித்த குடை

"படகு எங்கே?" என்று தம்பி கேட்ட குரலும், அதற்குப் பின்னால் வயர்லெஸ்ஸில் கரகரவென்று இரைந்த கடலும் சேந்தனின் காதைவிட்டுப் போகவேயில்லை. பல வருடங்களாயிற்று. அன்று தம்பியும் கூட்டாளிகளும் வானத்திலிருந்து குதித்து ஒரு தீவில் இறங்கியிருந்தார்கள். அவர்களை ஏற்றிவர வேண்டிய படகு, தன் தலைமையகத்தின் உத்தரவு வரட்டும் என்று நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தது. உத்தரவு வந்தபோது ஏற்றிவர யாரும் உயிரோடு இல்லை.

அந்தப் படகை நடத்தியவன் பெயர் திரையன்.

அதற்குப் பிறகுதான் நீள்கரை நாட்டு மன்றம் விழித்துக்கொண்டது. வானிலிருந்து குதிப்பவர்கள், கடலில் முக்குளிப்பவர்கள், மலை ஏறுபவர்கள் என்று தனித்தனியே கொடி பிடித்து, ஒருவரையொருவர் காக்கை, தவளை, ஆடு என்று கேலி பேசிக்கொண்டிருந்த மூன்று சிறப்புப் படைகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தது. தளபதியாக உமையாளை அமர்த்தியது. அவள் மூன்றில் எதிலிருந்தும் வந்தவள் அல்ல. எல்லைக் காவலிலிருந்து வந்தவள். அதனால் மூன்று படைக்கும் அவள்மேல் ஒரே அளவு எரிச்சல்.

"இந்த ஒரு விஷயத்துலயாவது ஒத்துமையா இருக்கீங்களே," என்றாள் உமையாள், வந்த முதல் நாளே.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்துத் தளபதியாகப் போகிறவர் ஓராண்டு முழுவதும் இப்போதைய தளபதியின் பக்கத்திலேயே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கு 'நிழல்' என்று பெயர். உமையாளின் நிழல் சேந்தன். குதிப்பவர்களின் தலைவன், அவளைவிட ஆறு வயது மூத்தவன். ஆனாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டான்.

"அம்மா, மூணு படையை எப்படி ஒண்ணாக்குறது?"

உமையாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று மூலையில் மூன்று கூட்டம். மூன்று சமையல்காரர்கள்.

"ஒரே கொடி, மூணு சாம்பார்," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. இனிமேல் குதிப்பவர்களின் குடையை முக்குளிப்பவர்கள் மடிப்பார்கள். முக்குளிப்பவர்களின் காற்று உருளையை மலைக்காரர்கள் நிரப்புவார்கள். மலைக்காரர்களின் கயிற்றைக் குதிப்பவர்கள் கட்டுவார்கள்.

குதிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். பாராசூட்டை அவர்கள் குடை என்றுதான் சொல்வார்கள். அவனவன் குடையை அவனவனே மடிப்பது அவர்களுக்கு வேதம். கட்டிய பெண்டாட்டிகூட அதைத் தொடக் கூடாது.

"தவளைப் பயலுக என் குடையை மடிக்கிறதா? அண்ணே, அந்தம்மாகிட்ட நீங்க சொல்லுங்க," என்றான் ஒருவன் சேந்தனிடம்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா மடிக்கக் கத்துக்குடுங்கன்னாங்க."

சேந்தன் கற்றுக்கொடுத்தான். மாதக்கணக்கில் ஆயிற்று. எல்லாரையும்விட விரைவாகக் கற்றுக்கொண்டவன் திரையன்தான். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது அவனுக்கு. நீண்ட மேசையில் குனிந்து அவன் துணியை நீவுகிறபோது, சேந்தன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு பிழையாவது அகப்படாதா என்று பார்ப்பான். அகப்படாது. அதில் அவனுக்கு இன்னும் எரிந்தது.

மழை விடுகிற சமயத்தில் செய்தி வந்தது. உப்புத்திட்டுத் தீவின் கலங்கரை விளக்கத்தைக் கொள்ளையர் பிடித்துவிட்டார்கள். உள்ளே பிள்ளைகுட்டியோடு சில குடும்பங்கள். விடிகிற நேரத்தில் நீருக்கடியிலிருந்து திரையனின் ஆட்கள், பின்பக்கப் பாறை வழியாக மலைக்காரர்கள், மணல்மேட்டில் குதித்துச் சேந்தனின் ஆட்கள் என்று மூவரும் ஒருசேரப் போக வேண்டும்.

ஒன்றான பிறகு அதுதான் முதல் போர். முகாமுக்கே காய்ச்சல் கண்ட மாதிரி ஆகிவிட்டது. ஓடாதவன் இல்லை. எதிரில் வந்தவன் எந்தப் படை என்று பார்க்காமல் தோளில் தட்டிவிட்டு ஓடினார்கள். உமையாளும் குதிக்கப் பழகியிருந்தாள். "நானும் வர்றேன்," என்றாள். அவள் குடையையும் சேந்தன் குடையையும் திரையன் தன் கையாலேயே மடித்து வைத்தான்.

சாயங்காலம் எல்லாரும் சாப்பிடப் போனபோது சேந்தன் மடிப்புக் கூடத்துக்குள் நுழைந்தான். தன் குடையை எடுத்து, பையைக் கட்டியிருந்த நூலை அறுத்தான். திரையன் மடித்ததை முழுக்க உதறி, தானே மறுபடி மடித்தான். வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாகத் திணித்து, நூலைக் கட்டிவிட்டு வெளியேறினான்.

விடியற்காலையில் விமானம் கடலை உரசுகிற மாதிரித் தாழப் பறந்தது. கதவு திறந்திருந்தது. காற்று உள்ளே புகுந்து பேச்சைப் பறித்தது. உமையாள் வரிசையாக ஒவ்வொருவர் முதுகையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். சேந்தனிடம் வந்ததும் அவள் விரல் நின்றது.

முக்குளிப்பவர்கள் எதைக் கட்டினாலும் படகு கட்டுகிற முடிச்சைத்தான் போடுவார்கள். இது வேறு முடிச்சு.

"சேந்தன், உங்க குடையைக் கழட்டுங்க. என்னோடதைப் போட்டுக்குங்க."

"அம்மா, வேண்டாம். இது நான் மடிச்சது."

"தெரியுது."

"அவசரத்துல மடிச்சேன். கயிறு நேரா வந்துச்சான்னு எனக்கே நிச்சயமில்லை. இவ்வளவு தாழக் குதிச்சா மாத்துக் குடையும் கிடையாது."

"கழட்டுங்க. இது உத்தரவு."

"உங்களுக்கு ஒண்ணுன்னா காரியமே கெட்டுப்போகும்."

"கெடாது. நிழல் இருக்காரே," என்றாள். பட்டைகளை இறுக்கிக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒருவர் பின் ஒருவராக வாசலில் மறைந்தார்கள். சேந்தன் குதித்தான். யாரோ இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிவிட்ட மாதிரி ஓர் உதறல். அண்ணாந்து பார்த்தான். முழு வட்டமாய், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் குடை விரிந்திருந்தது. அப்படியொரு மடிப்பை அவனே மடித்ததில்லை.

பிறகு அவளைத் தேடினான். பாதி திறந்த குடை, பிழிந்த சேலை போல முறுக்கிக்கொண்டு அவனைக் கடந்து கீழே போனது.

அவள் விழுந்த இடத்துக்கு அவன் ஓடவில்லை. ஓட முடியாது. கலங்கரை விளக்கம் முன்னால் நின்றது. அலைக்குள்ளிருந்து கறுப்புத் தலைகள் எழுந்தன. பாறை உச்சியிலிருந்து கயிறுகள் சரசரவென்று இறங்கின. கதவு எப்படி விழுந்தது, யார் முதலில் படியேறினார்கள் என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடியவில்லை. தவளை உதைத்த கதவில் காக்கை நுழைந்தது, காக்கைக்குக் காவலாக ஆடு நின்றது. கொள்ளையர் துப்பாக்கியைத் தேடி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மலைக்காரன் தோளில் தூக்கம் கலையாமலே ஒரு குழந்தை வெளியே வந்தது.

அதன் பிறகுதான் சேந்தன் ஓடினான்.

மணலில் உமையாள் கிடந்தாள். கண் திறந்திருந்தது. திரையன் மண்டியிட்டு அவளுடைய ஒடிந்த காலைத் துடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். முறுக்கிக்கொண்ட குடையைச் சுற்றிக் குதிப்பவர்கள் நின்றார்கள்.

"யாரு மடிச்சது இதை?"

திரையனின் கைகள் நின்றன. "நான்தான். அம்மாவோடதை நான்தான் மடிச்சேன்."

"அன்னைக்குப் படகு. இன்னைக்குக் குடை," என்றான் ஒருவன்.

திரையன் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அந்த முகத்தில் அன்றைய படகும் இருந்தது. இத்தனை வருடமும் அது அங்கேயே இருந்திருக்கிறது, சேந்தன் பார்க்கவில்லை.

உமையாளுக்கு நினைவு தப்பவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் மடிச்சது," என்றான் சேந்தன். "திரையன் மடிச்சதைப் பிரிச்சுப்போட்டு, யாருக்கும் தெரியாம நான் மடிச்சது. அம்மா அதைத் தனக்கு வாங்கிக்கிட்டாங்க. திரையன் மடிச்ச குடையிலதான் நான் இறங்கினேன்."

அலை ஒரு தடவை வந்து போனது. திரையன் அவனை நிமிர்ந்து பார்த்தான், நெடுநேரம் பார்த்தான். பிறகு துணியின் ஒரு முனையை நீட்டினான்.

"இதைப் பிடிங்க. இறுக்கிக் கட்டணும்."

சேந்தன் பிடித்துக்கொண்டான்.

திரும்பும் படகில் உமையாளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"தப்பா இருக்கும்னு தெரிஞ்சே ஏம்மா அதை மாட்டிக்கிட்டீங்க?"

"தப்பா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" வலியில் கண்ணை மூடித் திறந்தாள். "யாராவது ஒருத்தர் யாரையாவது முதல்ல நம்பணும், சேந்தன். நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க."

அந்தக் கால் அவளுக்குக் கடைசிவரை நேராகவில்லை. நிழலாண்டு முடிவதற்குள் சேந்தன் தானாகவே விலகிக்கொண்டான். அவளுக்குப் பின் தளபதியானவர் திரையன்.