ஏழாம் எண்ணுக்கு ஒரு குறையுமில்லை

"இந்த ஜீனை நம்ம கேன்சர் பட்டியல்லேர்ந்து விட்டுடலாம் மேடம். அதுமேல தப்பே இல்லை."

திருவேங்கடம் நின்றுகொண்டே சொன்னார். ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் புற்றுநோய்க் கட்டிகளை அறுத்து எடுத்த டாக்டர். அறுக்க அறுக்க வந்துகொண்டே இருக்கிறதே, இது எங்கிருந்துதான் கிளம்புகிறது என்று பார்த்துவிடுவோம் என்று கத்தியைக் கீழே வைத்தார். தன்னைவிடப் பத்து வயது சின்னவரான பேராசிரியை பல்கீஸிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சிரிக்காத சொந்தக்காரர் இல்லை.

பல்கீஸ் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாலு வருஷமா அதுதான் குற்றவாளின்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதானே டாக்டர்?"

"நின்னேன். இப்ப இல்லைங்கறேன்."

"ஏன்?"

"நோயாளிங்க நாப்பது பேர்ல பதினோரு பேருக்கு அந்த ஜீன் ஒரே இடத்துல கெட்டிருக்கு. சரி. ஆனா நல்லா இருக்கறவங்க வரிசையில ஒருத்தருக்கும் அதே இடத்துல கெட்டிருக்கு. ஏழாம் எண். அவருக்கு ஒரு குறையும் இல்லை. நடமாடறார், சாப்பிடறார்."

சாப்பிடுகிறார் என்றது பொய். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர், நோயில்லாதவர் வரிசைக்குத் தன் ரத்தத்தையே கொடுப்பார். குழாயில் பெயர் எழுதமாட்டார்கள், எண் மட்டும்தான். ஏழு என்ற சீட்டைத் தன் குழாயில் ஒட்டியது திருவேங்கடத்தின் கை. பாவம், ஜீனுக்காகவா வாதாட வந்தார் மனிதர்?

பல்கீஸ் எழுந்து நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. செல் வளர்த்த இந்த ரெண்டு கிண்ணத்தையும் பாருங்க."

பார்த்தார். முதல் கிண்ணத்தில் செல்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிறைந்து, வளர்வதை நிறுத்தியிருந்தன. இரண்டாவதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன.

"ரெண்டும் ஒரே செல்தான். ரெண்டாவதுல நீங்க சொல்ற ஜீனை நிறுத்தி வெச்சேன். வேற ஒண்ணும் செய்யலை."

"அப்ப அதோட வேலைதான் என்ன?"

"பந்தியில இலையைக் கையால மறிச்சு, போதும்னு சொல்றவன் இருப்பானே, அவன்."

"நல்லவன்தானே மேடம்? அவனைப் போய் கேன்சர் ஜீன்னு சொல்றோமே."

"அவன் எழுந்து போன பிறகுதானே அவனை நமக்குத் தெரியுது."

திருவேங்கடம் விடவில்லை. "எல்லாருக்கும் அது ரெண்டு இருக்கே. அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. ஏழாம் எண்ணுக்கு ஒண்ணுதான் கெட்டிருக்கு. இன்னொண்ணு ஒழுங்கா வேலை செய்யுது."

"நீங்க ஆபரேஷன் பண்ணினவங்கள்ல பலருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்திருக்கும். பின்னால அந்த இன்னொண்ணும் கெட்டிருக்கும்."

அது அவருக்குத் தெரியாததா? எத்தனையோ பேரிடம் அவரே சொன்னதுதான். இப்போது இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஏழாம் எண் நல்லா இருக்கார்னு யார் சொன்னது?" என்றார் பல்கீஸ்.

"ரெஜிஸ்டர்ல இருக்கு."

"எப்ப எழுதினது?"

"நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷம்."

வெளியே யாரோ டீ கேட்டுக்கொண்டு போனார்கள்.

"அப்ப அது நோயைக் கொண்டுவரும்னு முடிவே பண்ணிட்டீங்களா மேடம்?"

"இல்லை. காரணமா இருக்கலாம்னுதான் நம்ம பட்டியல்ல எழுதியிருக்கு. நானும் அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

"இருக்கலாம், இருக்கலாம்! அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி மேடம் தூங்குவான்?"

குரல் உடைந்துவிட்டது. பல்கீஸ் அவர் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார். பிறகு தன் ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏழாம் எண்ணுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பொண்ணு. கோமளவல்லி. போன மாசம்தான் வேலைக்குச்..."

வாக்கியம் பாதியில் நின்றது. மூன்று நாளாக அவர் தன் உயிரைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட மகளின் முகம் நினைவுக்கு வரவில்லை.

"ரத்தம் எடுத்துப் பார்க்க அவளை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார் பல்கீஸ்.