மகாராஜா மென்ற கொட்டைப்பாக்கு

மஞ்சனூர்ச் சீமையை ஆண்ட கோதண்ட பூபதியிடம் நல்ல குணங்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டவருக்குக் கொடுப்பார், கோபம் வந்தாலும் சீக்கிரம் ஆறிவிடுவார், யானை மேல் உட்கார்ந்தால் பார்க்க லட்சணமாகவும் இருப்பார். ஒரே ஒரு குறைதான். எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்தால் போதும், பாதியில் புகுந்து மீதியை இவரே சொல்லிவிடுவார். அதையாவது சரியாகச் சொல்வாரா என்றால், அதுவும் கிடையாது.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் ஓடிவந்து, "மகாராஜா, ராணியம்மாவுக்கு வயிற்றில்..." என்றார்.

"வாரிசா? ஊரெல்லாம் சர்க்கரை கொடுங்கள்" என்றார் மகாராஜா.

பாவம், ராணியம்மா முந்தின நாள் பலாச்சுளையைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார், அவ்வளவுதான். சர்க்கரை வாங்கிய ஜனங்கள் தொட்டில் எப்போது என்று பத்து மாதமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ராணியம்மா வெளியே தலைகாட்டவே இல்லை.

இப்பேர்ப்பட்ட மகாராஜாவுக்கு அடைப்பக்காரர் அம்பலவாணன். சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே வெற்றிலைப் பெட்டியோடு நின்று தாம்பூலம் மடித்துக் கொடுக்கிற உத்தியோகம். இருபது வருஷமாக நிற்கிறார். ஆனால் அந்த வருஷம் அவருக்கு வெற்றிலை மடிக்கக் கையே ஓடவில்லை. அவருடைய வயல் கால்வாயின் கடைசியில் இருந்தது. பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் கால்வாய் வறண்டு கிடந்தது. மேலேயுள்ள கல்வரைச் சீமைக்காரர்கள் அணையை அடைத்துவிட்டார்கள்.

போன மாதம் அங்கிருந்து தூதர் நல்லதம்பியார் பேச வந்தார். "அணை விஷயமாக எங்கள் அரசர்..." என்று வாயெடுத்தார்.

"போருக்குக் கூப்பிடுகிறாரா? வரச்சொல்லும்" என்று மகாராஜா எகிறினார். வந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். இப்போது மறுபடியும் வருவதாக ஓலை அனுப்பியிருந்தார்.

"பத்து நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் வைக்கோல்தான்" என்று அம்பலவாணன் மனைவி சிவகாமி அழுதேவிட்டாள். "பக்கத்திலேயே நிற்கிறீர்களே, மகாராஜா வாயை அடைக்க ஒரு வழி பார்க்கக் கூடாதா?"

பாக்குவெட்டியில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்த அம்பலவாணன், வெட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழுப் பாக்கை அப்படியே எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

மஞ்சனூர்ச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. தூதர் முன்னால் நீட்டிய தாம்பூலத்தை அரசர் மறுக்கக் கூடாது. மறுத்தால் வந்தவரையே வேண்டாம் என்றதாக அர்த்தம். வாயில் தாம்பூலத்தோடு பேசக் கூடாது. தூதர் எதிரில் எச்சில் படிக்கத்தில் துப்பினாலோ, அதைவிட அவமானம் வேறில்லை. வழக்கமாக மெல்லிய பாக்குச் சீவல் வைத்து மடிப்பதால் நாலு தடவை மென்றால் வேலை முடிந்துவிடும்.

நல்லதம்பியார் சபைக்கு வந்தார். கும்பிட்டார். "மன்னர் பெருமானே, அணையைத் திறப்பதற்கு..." என்று தொடங்கினார்.

மகாராஜா வாயைத் திறந்தார். அம்பலவாணன் குனிந்து தாம்பூலத்தை நீட்டினார். பழக்கதோஷம், மகாராஜா வாங்கி வாயில் போட்டுக் கடித்தார். கடக் என்றது. அடைப்பக்காரரை ஒரு முறை முறைத்தார். அம்பலவாணன் கூரையில் இருந்த சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

"...உங்கள் எல்லையில் இரண்டு கிராமங்களை எங்களுக்கு விட்டுத்தர வேண்டும்" என்று முடித்தார் தூதர்.

மகாராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் என்ன செய்வார்? வாயில் பாக்கு. முகம் சிவக்க மென்றார்.

இந்தச் சபையில் தூதர் ஒரு பேச்சைப் பேசி முடித்ததே இதுதான் முதல் தடவை. அதற்கும் மறுபேச்சு வராததால் அவருக்கு உதறல் எடுத்தது. "இரண்டு அதிகம்தான்... ஒன்று போதும்" என்றார்.

மகாராஜா பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். புருவம் நெரிந்தது.

"சரி, கிராமமே வேண்டாம். ஒரு யானை கொடுங்கள்."

கடக்.

"யானையும் வேண்டாம்" என்றார் நல்லதம்பியார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்களிடம் மறைக்க முடியாது போலிருக்கிறது. போன வாரம் மலையில் கொட்டிய மழையில் அணை நிரம்பிவிட்டது. கரை கசிகிறது. இரண்டு நாளில் திறக்காவிட்டால் எங்கள் ஊர்தான் அடித்துக்கொண்டு போகும். சும்மா திறந்தால் கௌரவக் குறைவு, ஏதாவது கேட்டு வாங்கிவா என்று எங்கள் அரசர் அனுப்பினார். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, புண்ணியமாகப் போகும்."

அந்த நேரம் பார்த்துப் பாக்கு நொறுங்கியது. மகாராஜா மென்று விழுங்கினார். பிறகு நிதானமாக, "திறந்துவிடுங்கள். கரையை அடைக்க எங்கள் ஆட்களும் வருவார்கள்" என்றார். சபை மூச்சுவிடக்கூட மறந்து போயிற்று.

தூதர் போனதும் சபையைக் கலைத்துவிட்டு மகாராஜா தாடையைப் பிடித்துக்கொண்டார். "அம்பலவாணா, முழுக் கொட்டைப்பாக்கா வைத்தாய்?"

"ஆமாம், மகாராஜா. என் தலை உங்கள் கையில்."

"அந்தத் தூதன் விஷயத்தைக் கடைசியில்தான் சொன்னான்" என்றார் மகாராஜா மெதுவாக. "இத்தனை வருஷமாக எத்தனை பேருடைய கடைசியைக் கேட்காமல் விட்டேனோ. வெட்கமாக இருக்கிறதப்பா. பல் ஆடினாலும் பரவாயில்லை, உனக்குப் பரிசு தரவேண்டும். என்ன வேண்டும் என்று நீயே சொல். நான் குறுக்கே வரமாட்டேன்."

அம்பலவாணன் கைகூப்பினார். "மகாராஜா, எனக்கு..." என்றார். நிறுத்திவிட்டார்.

மகாராஜா காத்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டும் காத்திருந்தார். அம்பலவாணன் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

"அட, ஏனப்பா நிறுத்திவிட்டாய்?"

அம்பலவாணன் தலையைச் சொறிந்தார். "வழக்கமாக இந்த இடத்தில் நீங்கள் வந்துவிடுவீர்கள், மகாராஜா. இதற்கு மேல் நான் யோசித்து வைத்ததே இல்லை."